முன்விரோதம் நிற்காத மண்

"மேற்படி எதிர்மனுதாரர் இருசம்மாள், வயது சுமார் 52, க/பெ நவநீதன் என்பவர், என் மீதும் என் குடும்பத்தார் மீதும் கொண்டுள்ள தீராத முன்விரோதம் காரணமாக, திட்டமிட்டு, தீய எண்ணத்துடன், தனது நிலத்தில் பாய்ச்சும் தண்ணீரை எனது வாழைத் தோட்டத்திற்குள் புகச் செய்து வருகிறார்."

இருசம்மாளைப் பற்றி அரசாங்கக் கோப்பு ஒன்றில் உள்ள முழு வர்ணனை இதுதான். வயது ஏறக்குறைய சரி. கணவர் பெயர் முழுக்கச் சரி. தண்ணீர் சமாசாரம் பிறகு வரும். அவளை அறிந்தவர்களைத் திகைக்க வைத்தவை 'தீராத', 'திட்டமிட்டு' என்ற இரண்டு சொற்கள்தான்.

இருசம்மாளுக்குக் கோபமே வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வரும். தெருவே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரி வரும். தீரவும் செய்யும், அவ்வளவுதான். ஒருநாள் பூ மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்ட டவுன் பஸ் கண்டக்டரை டோல்கேட் தொடங்கி கொள்ளிடம் பாலம் தாண்டுகிற வரை திட்டித் தீர்த்தாள். "இனிமே உன் பஸ்சுல கால வச்சேன்னா என் பேரு இருசம்மா இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்தில் இறங்கினாள். பூவைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அதே பஸ்தான் வந்தது. ஏறினாள். மீந்த சம்பங்கிச் சரத்தை டிரைவருக்கு முன்னால் இருந்த பிள்ளையார் படத்துக்குச் சாத்தினாள்.

"என்னம்மா, பேரு மாத்தியாச்சா?" என்றார் கண்டக்டர்.

"எதுக்குப்பா மாத்தணும்?" என்று அவள் உண்மையாகவே கேட்டாள்.

அவளுடைய நிலமும் இதே சுபாவம்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே, பெயரைச் சொன்னால் மேற்படி கண்டக்டருக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன ஊர். ஆறு எந்தக் காலத்திலோ இந்தப் பக்கம் ஓடி, பிறகு மனசு மாறித் தெற்கே தள்ளிப் போய்விட்டது. போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய கரைதான் இருசம்மாளின் மேடு. மேலே ஒரு சாண் ஆழத்துக்குப் பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே வெளுத்த மணல். இன்னும் தோண்டினால் உருண்டைக் கூழாங்கல், ஆற்றுக் கிளிஞ்சல். ஆறில்லாத இடத்தில் ஆற்றின் சாமான்கள்! மேட்டுக்குக் கீழே ஆள் உயரப் பள்ளத்தில் கருத்த களிமண் நிலம். அது பிச்சமுத்துவுடையது.

பிச்சமுத்து நவநீதனுக்குப் பங்காளி, பெரியப்பா மகன், மூத்தவர், இருசம்மாளுக்கு மச்சாண்டார் முறை. பாகம் பிரித்தபோது மூத்தவர் என்பதால் முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் களியை எடுத்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். களி தண்ணீரைப் பிடித்து வைக்கும், உரத்தைப் பிடித்து வைக்கும், வாழை செழிக்கும். மணல் எதையும் பிடித்து வைக்காது. காலையில் பாய்ச்சினால் மத்தியானம் செருப்போடு நடக்கலாம், செருப்பில் ஒரு துளி ஒட்டாது. யூரியா போட்டால் அடுத்த பாய்ச்சலில் அதுவும் காணாமல் போகும். துறையூர்ப் பக்கம் கரிசலில் பிறந்து வளர்ந்து, மழைக்காலத்தில் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண்ணைச் சுமந்தே நடந்து பழகியவள் இருசம்மாள். கல்யாணமான புதிதில் மழையில் நனைந்துகொண்டு இந்த மேட்டில் நடந்தவள், கால் சுத்தமாக இருப்பதைப் பார்த்து மண்ணில் ஏதோ கோளாறு என்றே நினைத்தாள்.

கோளாறான மண்ணில் அவள் சம்பங்கி நட்டாள். சம்பங்கிக் கிழங்குக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. வந்த தண்ணீர் உடனே கிளம்பிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் பயிர். இந்த மண்ணில் அப்படிக் கிளம்பாத தண்ணீரே கிடையாது. ஆக, ஊரார் எதைக் குறை என்றார்களோ அதை வைத்தே ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் இருசம்மாளின் பூவுக்கு ஒரு பெயர் கிடைத்தது. என்ன, மும்முனைக் கரண்ட் வருகிற நேரமெல்லாம் மோட்டார் ஓட வேண்டும். அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால், "மண்ணு குடிச்சிருது" என்பாள். பதினைந்து வருஷமாக இதே பதில்தான். மண்ணுக்கு அப்படி என்ன தாகம் என்று அவளும் கேட்டதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்த கையோடு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள்.

ஏட்டு பரக்கத் அலி நல்ல மனிதர். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டார். "வாங்கம்மா, உக்காருங்க. முன்விரோதம் என்னன்னு சொல்லிட்டீங்கன்னா எழுதிக்குவேன்."

"யாருக்குங்க?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"தீராத முன்விரோதம்னு மனுவுல இருக்கேம்மா."

"மனு பிச்சமுத்து மாமா குடுத்ததுதானே? அவரையே கேளுங்க."

"கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு போயிருக்காரு." பரக்கத் அலி கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். "அதை விடுங்க. உங்க தண்ணி அவரு வாழையில நிக்குதாம். வேரு அழுகி மரமெல்லாம் மஞ்சளாப் போச்சாம். போட்டோவும் காட்டினாரு."

இருசம்மாளுக்கு வந்தது பாருங்கள் கோபம். "என் மண்ணுல தண்ணி நிக்கவே நிக்காதுங்க! ஊர்ல யாரை வேணா கேளுங்க. எங்கிட்டயே நிக்காத தண்ணி அவருகிட்ட போயி எப்படிங்க நிக்கும்?"

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். "உங்ககிட்ட நிக்கலைன்னா, எங்கயோ போவுதுன்னுதானேம்மா அர்த்தம்?"

தன் கட்சிக்காகத் தான் சொன்ன சாட்சியமே எதிர்க்கட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அவளுக்கு அப்போது பிடிபடவில்லை. ஏட்டு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "உத்தரவு போடுற அதிகாரம் எனக்கு இல்ல. ஆனா ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிக்கிற வரைக்கும் மோட்டாரைப் போடாம இருங்க. அந்த முன்விரோதம் என்னன்னு தெரிஞ்சாத்தான் ஃபைலை மூட முடியும். மேல தாலுகா ஆபீஸ், ஆர்.டி.ஓ.ன்னு போச்சுன்னா இழுத்துக்கிட்டே கெடக்கும்."

இழுத்துக்கொண்டு கிடப்பதைக் களி தாங்கும், மணல் தாங்காது. அந்த வருஷம் தையிலேயே வெயில் தொடங்கிவிட்டது. மோட்டாரை நிறுத்திய மறுநாளே மேல்மண் மாவாக உதிர்ந்தது. சம்பங்கித் தண்டுகள் தலையைச் சாய்த்தன. மொட்டுகள் வெளுக்காமல் பச்சையாகவே சுருங்கின. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் கிழங்கே வெந்துவிடும். பிறகு புதுக் கிழங்கு வாங்கி நட்டு, அது பூக்கிற வரை காத்திருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், ஒரு முன்விரோதம் கிடைத்தால் பயிர் பிழைக்கும், கிடைக்காவிட்டால் இல்லை.

மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வேலை பார்க்கும் நவநீதன் தவிட்டுத் தலையோடு வீடு வந்தபோது அவள் கேட்டாள்: "ஏங்க, எனக்கும் உங்க அண்ணனுக்கும் ஏதாச்சும் சண்டையா?"

"எப்ப?"

"எப்பவாச்சும்."

நவநீதன் தலையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "உனக்கு யாருகூடத்தான் சண்டை இல்ல? ஆனா எதுவும் நிக்கலையே. யோசிச்சுப் பாரு. ஸ்டேஷன்ல கேட்டா பதில் சொல்லணும்ல?"

அவள் யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே மனு எழுதுகிற அற்புதசாமியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், "என்ன முன்விரோதம்னு போட்டீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

அற்புதசாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது ஃபைல்லயே இருக்கும்மா. பேரு, வயசு, சர்வே நம்பர் இது மூணும்தான் மாத்துவேன்."

"அப்ப எல்லார் மனுவுலயும் இருக்குமா?"

"இல்லாம எப்படி? முன்விரோதம் இல்லாதவங்க ஸ்டேஷனுக்கு எதுக்கு வரணும்?"

"அவரு என்ன சொன்னாரு?"

"தண்ணி வருதுன்னு சொன்னாரு. அவ்வளவுதான். மனுவை வாசிச்சுக் காட்டினப்பதான் கொஞ்ச நேரம் யோசனையா இருந்தாரு. அப்புறம், சரி இருக்கட்டும்னுட்டாரு."

அந்தக் கொஞ்ச நேர யோசனைதான் இருசம்மாளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முன்விரோதத்தை அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஏட்டிடம் ஒப்படைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவள் முடிவுக்கு வந்தாள். ஒருவரிடமே போய் நம் பகையைக் கடன் கேட்பது வழக்கமில்லைதான். இருந்தாலும் பங்காளி வீட்டில் கேட்காமல் வேறெங்கே கேட்பது?

மேட்டுச் சரிவில் இறங்கி வாழைத் தோட்டத்துக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டாள். போன மாதம் இந்த வழியாக வந்தபோது சரிவடியில் கணுக்கால் அளவு சேறு கிடந்தது. பக்கத்துப் பாசன வாய்க்கால் மீறியிருக்கும் என்று அன்று நினைத்தாள். இப்போது அந்த இடம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. நின்றுபோனது அவளுடைய மோட்டார் ஒன்றுதான். மணல் குடித்தது என்று பதினைந்து வருஷமாகச் சொன்ன தண்ணீரை மணல் குடிக்கவில்லை. அடியிலிருந்த களியின் மேல் வழுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து, இந்தச் சரிவடியில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறது.

பிச்சமுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மஞ்சளித்த பூவன் வாழை மரங்களை நோயாளிக்குத் துணை இருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தண்ணி என்னோடதுதான்" என்றாள் இருசம்மாள்.

பிச்சமுத்து நிமிர்ந்தார். வாதாடத் தயாராக இருந்தவருக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். "அதைத்தானே நான் சொல்றேன்."

"ஆனா என் யூரியாவும் சேந்துதானே வந்திருக்கும்? அதை மட்டும் மனுவுல எழுதவே இல்லியே."

"அழுவுன வேருக்கு யூரியா எதுக்கு?"

"சரி, அதை விடுங்க. முன்விரோதம் என்னன்னு ஸ்டேஷன்ல கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. உங்களுக்கு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க மாமா, போய்ச் சொல்லிட்டு மோட்டாரைப் போட்டுக்கறேன். பூவு சாவுது."

பிச்சமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறாளோ என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும், மடை திறந்துவிட்டார். அவர் பெண்ணின் காதுகுத்துக்கு வந்து பந்தியில் உட்காராமல் போனது. அவளுடைய ஆடு அவர் நட்டு வைத்திருந்த முருங்கைப் போத்தைக் கடித்தது. அதைக் கேட்கப் போனபோது, "ஆடு படிச்சதா என்ன, இது யாரு மரம்னு பாத்துக் கடிக்க?" என்று அவள் சொன்னது. அவருடைய அப்பா இறந்த வீட்டில் அவள் சிரித்தது. இருசம்மாள் ஒவ்வொன்றையும் வாய் பிளந்து கேட்டாள். யாரோ ஒரு சண்டைக்காரியின் கதையைக் கேட்பது மாதிரி இருந்தது. நடுவில் ஆட்டுச் சமாசாரத்துக்குச் சிரித்தும்விட்டாள்.

"பாரு, இப்பவும் சிரிக்கிற."

"இதையும் சேத்துக்குங்க மாமா. இதுல எதைங்க ஏட்டுகிட்ட சொல்றது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் பிச்சமுத்து. கொஞ்ச நேரம் வாழைச் சருகை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு மரத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "ஊர்ல எனக்கு என்ன பேரு?"

இருசம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "ஒட்டு பிச்சமுத்து."

"அது எப்படி வந்துச்சுன்னு நினைக்கிற?"

"உங்க தாத்தா காலத்துப் பேருன்னு…"

"நீ வச்ச பேரு புள்ள."

பாகம் பிரித்த அன்று, நாட்டாண்மைக்காரர் வீட்டு வாசலில், ஊரார் முன்னிலையில், பிச்சமுத்து களி வேண்டும் என்று சொன்ன நிமிஷத்தில் புதுப் பெண்ணாக நின்றிருந்த இருசம்மாள் சொன்னாளாம்: "மாமா நல்ல மண்ணாப் பாத்து எடுத்துக்கிட்டாரு. நல்லா ஒட்டிக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருத்தன் "என்ன ஒட்டு, டீயா காபியா?" என்றான். அப்புறம் ரேஷன் கடையில், அப்புறம் கல்யாணப் பத்திரிகை உறையில். அவருடைய பேரப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் 'ஒட்டு பேரன்' என்கிறார்களாம்.

அவள் அதைச் சொன்ன சாயங்காலமே மறந்துவிட்டாள். அதோடு நின்றதா? பிறகு வந்த இத்தனை வருஷமும் அவளும் அதே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், பரம்பரைப் பெயர் என்று நம்பிக்கொண்டு. தன்னிடத்தில் நிற்காமல் போனதெல்லாம் எங்கே போய் நின்றது என்று இருசம்மாள் இரண்டாவது தடவையாக அன்றைக்குப் பார்த்தாள்.

"ஏன் மாமா அன்னிக்கே ரெண்டு அறை விட்டிருக்கக் கூடாது?"

"தம்பி பொண்டாட்டியை எப்படி அறையறது?"

இதை ஏட்டிடம் சொல்ல முடியாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஸ்டேஷன் பதிவேட்டில் தன் பட்டப்பெயர் ஏறுவதைப் பிச்சமுத்துவும் விரும்பவில்லை. மனுவை வாபஸ் வாங்குவதாகவும் அவர் சொல்லவில்லை. எழுந்து நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை இருசம்மாள் தன் மேட்டின் அடிவரப்பில், தன் பக்கத்திலேயே, இரண்டு வரிசைச் சம்பங்கியைப் பிடுங்கிவிட்டு வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தாள். நவநீதனும் மண்வெட்டியோடு வந்தார். லீவு நாளில் மனைவி தரும் வேலைக்கு மில் வேலையே தேவலை என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். மணலில் பள்ளம் வெட்டுவது ஒரு வேடிக்கை. நாம் ஒரு கூடை அள்ளினால் அது இரண்டு கூடை திருப்பித் தரும். இடுப்பளவு ஆழத்தில் கருப்புக் களி தட்டுப்படுவதற்குள் இரண்டு பக்கச் சுவரும் பலமுறை சரிந்தன.

"தண்ணியைத்தான் பிடிச்சு வைக்க மாட்டேங்குதுன்னா, தன்னையே பிடிச்சு வைக்க மாட்டேங்குதே இந்த மண்ணு!" என்று நவநீதன் உட்கார்ந்துவிட்டார்.

இருசம்மாள் வரப்பில் நின்று கீழே குரல் கொடுத்தாள். "மாமா, சாஞ்ச வாழை மரம் இருந்தா தாங்க. அணை கொடுக்கணும்."

கொஞ்ச நேரத்தில் அழுகிச் சாய்ந்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சரிவின் மேலே வந்து விழுந்தன. பிச்சமுத்து தலையைக் காட்டவில்லை, மரங்கள் மட்டும் வந்தன. வாழைத் தண்டை நெடுக அடுக்கி முளைக்குச்சி அடித்ததும் சுவர் நின்றது. வாய்க்கால் முனையில் ஒரு குழி, குழியில் ஒரு சின்ன மோட்டார். பழைய மோட்டாரைப் போட்டதும், சரிந்து வருகிற தண்ணீர் குழியில் சேர்ந்தது, சேர்ந்தது மறுபடி மேடேறிச் சம்பங்கிக்குப் போனது. அடுத்த வாரம் பரக்கத் அலி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு முன்விரோதமே தேவைப்படலியே" என்றார். கோப்பில் 'இரு தரப்பினரும் சமாதானம்' என்று ஒரு வரி சேர்த்தார். மேலே உள்ள வரியை அடிக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம்.

கிழங்குகள் பிழைத்தன. முதல் பூ மூட்டை ஸ்ரீரங்கத்துக்குப் போன அன்று கண்டக்டரோடு ஒரு சண்டையும் நடந்தது. பிச்சமுத்துவை ஊர் இன்னும் 'ஒட்டு' என்றுதான் அழைக்கிறது. இருசம்மாள் மட்டும் 'பெரியவர்' என்று சொல்லிப் பார்த்தாள். யாரைச் சொல்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை.

சித்திரை வந்தது. பாசன வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது. கொள்ளிடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். பிழைத்த வாழைகள் தார் தள்ளி, காய் திரண்டுகொண்டிருந்த நேரத்தில் பிச்சமுத்துவின் மோட்டாரில் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் எரிந்துபோனது. டோல்கேட்டில் காயில் கட்டுகிறவர் கல்யாண சீசன் என்று கடையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். களி எவ்வளவுதான் பிடித்து வைத்தாலும், வந்தால்தானே பிடித்து வைக்கும்? நிலம் விரல் நுழைகிற அளவு வெடித்தது.

ஒருநாள் பிற்பகல் பிச்சமுத்து மேடேறி வந்தார். பாகம் பிரித்த பிறகு அவர் அந்த மேட்டில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சம்பங்கியைப் பார்த்தார். காலடி மணலைப் பார்த்தார். குழியில் ஓடிக்கொண்டிருந்த சின்ன மோட்டாரை வெகு நேரம் பார்த்தார்.

"என்ன மாமா?"

"சும்மாத்தான்."

"சும்மா வர்ற ஆளா நீங்க?"

"அந்தத் தண்ணி…" என்றார் பிச்சமுத்து. "முன்னாடி வந்துக்கிட்டிருந்துச்சே, அது கொஞ்சம் வந்தா…"

"அது வரவே கூடாதுன்னு எழுதிக் கொடுத்தீங்களே!"

"எழுதினது அற்புதசாமி."

இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கரண்ட் போக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குள் குழித் தண்ணீர் மேலே ஏறினால்தான் அன்றைக்குக் கடைசிப் பாத்திகள் நனையும். அவள் பாத்திகளைப் பார்த்தாள், கீழே வாழையைப் பார்த்தாள்.

"முன்விரோதம் காரணமா முடியாதுன்னு சொல்லிரட்டுமா மாமா?"



இருசம்மாள் குழி மோட்டாரை நிறுத்தினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வாய்க்காலின் கீழ்க்கரையை அவருடைய வாழைப் பக்கமாக ஒரு முழ அகலத்துக்கு வெட்டிவிட்டாள்.